போச்சு மாமாவுக்கும் அந்தோனியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை

உலகம் அழியப்போகும் செய்தி மற்ற ஊர்களுக்கு எட்டும் முன்பே எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும். ஒரு தடவை அல்ல, வாரத்தில் நான்கைந்து தடவை. அந்தச் செய்தியைக் கொண்டுவர எங்களிடம் சொந்தமாக ஓர் ஆள் இருந்தார். அவரைப் போல நம்பிக்கையே இல்லாத ஒரு மனிதரை ஊவா மாகாணம் முழுக்கச் சல்லடை போட்டாலும் காணமுடியாது. அப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் கோயில் சாவி இருந்தது.

பெயர் போச்சு மாமா. அவர் பிறந்தபோது யாரோ ஒரு பாதர் தண்ணீர் ஊற்றி வேறு பெயர் வைத்திருக்க வேண்டும். அது எங்கள் வயதுக்காரர் யாருக்கும் தெரியாது. "சௌக்கியமா மாமா?" என்று கேட்டால் "போச்சு" என்பார். மழை பெய்தால், "போச்சு, மண்ணு சரியப் போவுது." வெயில் அடித்தால், "போச்சு, கொழுந்து கருகப் போவுது." மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் இதமாக ஒரு நாள் விடிந்துவிட்டால் வானத்தை அண்ணாந்து பார்த்து, "என்னமோ திட்டம் போடுது" என்பார்.

ஹல்துமுல்லைக்கு மேலே, கொழும்பு ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் ஏறினால் எங்கள் தோட்டம். வரிசை வீடுகளாக மேல் லயம், கீழ் லயம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மேட்டில் தகரக் கூரை போட்ட அந்தோனியார் கோயில். பாதர் டவுனிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பது, கூட்டுவது, மணியடிப்பது எல்லாம் போச்சு மாமா. முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டிவிட்டு ஓய்வு பெற்றவர்.

அந்தோனியார் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர். அவர் வாசலில் 'போச்சு' காவல். இந்தப் பொருத்தத்தை நினைத்து ஒவ்வொரு புதுப் பாதரும் முதல் வாரம் விழுந்து விழுந்து சிரிப்பார். மாமா அவரை வரவேற்கும்போதே, "பாவம், நல்ல சாமியாரு. இந்தக் குளிருக்கு ரெண்டு வருசம் தாங்குவாரோ என்னமோ" என்று சொல்லி வைப்பார். இரண்டாவது வாரம் பாதர் மஃப்ளரோடு வருவார்.

திருமணத்துக்குப் போனால் மணமக்களின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாளைக்குச் சந்தோசமா இருங்க" என்று வாழ்த்துவார். திருமுழுக்குக்குக் கொண்டுவந்த குழந்தையை எட்டிப் பார்த்து, "எந்தக் காலத்துல வந்து பொறந்திருக்கு பாருங்க" என்று உச்சுக் கொட்டுவார். கிறிஸ்துமஸ் குடிலில் எல்லோரும் குழந்தை இயேசுவைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும்: "ஏரோது கெளம்பிட்டான்."

இளைஞர் ஒன்றியத் தலைவன் ரொபட் கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குப் போக வேண்டியிருந்தது. போட்டுக்கொள்ளச் சப்பாத்து இல்லை. கேள்விப்பட்ட மாமா தன் ஒரே தோல் சப்பாத்தைத் துடைத்து எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தார்.

"போட்டுக்க. வேலை கெடைக்காது. கால் வலிக்காம திரும்பி வரலாம்."

வேலை கிடைக்கவில்லை. கால் வலிக்காமல்தான் திரும்பி வந்தான்.

இதுதான் எங்களைக் குழப்பிய விஷயம். இவ்வளவு நம்பிக்கையில்லாத மனிதர் இவ்வளவு கொடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கணக்குப் பார்த்தால் அவர் கொடுத்ததே அதனால்தான். எல்லாம் அழியப் போகிறது, இதில் எனக்கு எதற்குக் கம்பளி? ரேடியோவை நோயில் கிடந்த ராமையா கங்காணிக்குக் கொடுத்தார். கட்டிலை, பிரசவமாகி வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். "எடுத்துக்க. நானே எத்தனை நாளைக்கு?" என்று நீட்டுவார். நன்றி சொன்னால் கோபம் வரும். எனக்கு பண்டாரவளையில் ஒரு ஃபோன் கடையில் வேலை கிடைத்தபோது, "போச்சு, ஒன்னையும் இனி பாக்க முடியாது" என்று தன் குடையைக் கையில் திணித்துவிட்டு, அந்த மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். சில வருடங்களில், மேல் லயத்தில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் ஒரு பாய், டீ போட ஒரு கேத்தல், ஒரு தகரப் பெட்டி தவிர வேறொன்றும் இல்லை. பெட்டியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்னொரு விசித்திரம். கோயிலைத் திறந்து, கூட்டி, மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி வைப்பவர், பாதர் பீடத்துக்கு வந்ததும் வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார். பூசை முடியும்வரை உள்ளே வரமாட்டார். நற்கருணை வாங்க மாட்டார். நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எனக்கும் அந்தோனியாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல புள்ள," என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல. "அவரோட வேலைய நான் செய்றேன். என்னோட வேலைய அவரு செய்யல. அம்புட்டுத்தான்."

அந்த வேலை என்னவென்று எங்களுக்குத் தெரியும். மாமாவின் ஒரே மகள் அமலி. எங்கள் பாடற்குழுவை நடத்தியவள். ரொபட்டும் நானும் எட்டு வயதுப் பிள்ளைகளாக முன்வரிசையில் நின்று அவளிடம்தான் பாடக் கற்றோம். பத்தொன்பது வயதில் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அம்மா இல்லாத பெண். அப்பா அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்துகொண்டு, ஒவ்வொரு செவ்வாயும் மேட்டின் அடியிலிருந்து கோயில்வரை முழங்காலில் ஏறினார். பன்னிரண்டு செவ்வாய் ஏறி முடித்தார். பதின்மூன்றாவது செவ்வாய் அமலியை அடக்கம் செய்தோம்.

அதோடு பேச்சு நின்றது.

இனி நான் சொல்லப்போவது அந்த மழைச் சனிக்கிழமையைப் பற்றி.

அன்றைக்குக் கோயிலில் எங்கள் இளைஞர் ஒன்றியத்தின் கடைசிக் கூட்டம். ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்த ஒன்றியம். கடைக்கும் கட்டாருக்கும் கார்மெண்டுக்குமாக எல்லோரும் போய், மிச்சம் ஆறு பேர். கோயிலையே டவுன் பங்குக் கோயிலோடு சேர்த்துவிட்டு மூடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. எங்களுக்கும் மனசு விட்டுப்போயிருந்தது. எதற்கு வருகிறோம், யாருக்காகப் பாடுகிறோம் என்று தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், நான் ஜெபம் செய்வதை நிறுத்தியே ஒரு வருடம் ஆகியிருந்தது. கீபோர்டை டவுன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றியத்தைக் கலைப்பது என்று ஒரு தீர்மானம். தலைவன் முன்மொழிந்தான். வழிமொழிய யாருக்கும் வாய் வராமல் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று நாளாக விடாமல் மழை. கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேல் லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. தண்ணி ஓடுற கான்ல செம்மண்ணா வருது. போச்சு. மலை எறங்கப் போவுது."

ரொபட் சிரித்துவிட்டான். நானும்தான். "மாமா, இங்க நாங்களே எறங்கிக்கிட்டிருக்கோம். மொதல்ல எங்களுக்குத் துக்கம் விசாரிங்க," என்றான் ரொபட்.

தோட்ட ஆபீசிலும் அதே கதைதான். கிளார்க் ஐயா, "நீங்க போன வருசமும் சொன்னீங்கதானே" என்று டீ குடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மேல் லயத்தில் கதவு கதவாகத் தட்டியும் ஒருவரும் அசையவில்லை. இருபது வருடம் தினமும் மலையை இறக்கிய மனிதரை யார் நம்புவார்கள்?

மாமா எங்கள் ஆறு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பவும் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. பூசை மணி இல்லை. ஒன்று அடித்து, நிறுத்தி, இன்னொன்று அடிக்கிற துக்க மணி. தோட்டத்தில் துக்க மணி கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள். இந்து, கத்தோலிக்கர் என்று பார்க்க மாட்டார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேல் லயம் முழுவதும் ஓடிவந்தது. கிழவிகள் வரும்போதே ஒப்பாரிக்குக் குரலைச் சரிசெய்துகொண்டு வந்தார்கள்.

"யாரு? யாரு செத்தா?"

மாமா மணிக்கயிற்றை விடாமல் சொன்னார்: "இன்னும் யாரும் சாகல. உள்ள வாங்க."

கூட்டம் கொதித்துவிட்டது. ராமையா கங்காணி, மாமாவின் ரேடியோவை வைத்துக்கொண்டிருக்கிற அதே ராமையா கங்காணி, "ஒனக்குப் பைத்தியமாய்யா? நோயாளிய மழையில இழுத்திட்டியே!" என்று கத்தினார். பாதிப்பேர் திரும்பி நடந்தார்கள். மாமா ஓடிப்போய் வழியை மறித்து, சேற்றில் நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"நான் சொன்னதெல்லாம் இத்தனை வருசமா பொய்யாத்தான் போச்சு. இதுவும் பொய்யாப் போகட்டும். ஒரே ஒரு ராத்திரி இங்க படுங்க. காலைல என்னைய கல்லால அடிங்க. நான் நின்னு வாங்கிக்கிறேன்."

அவர் அழுததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கூட்டம் தயங்கி நின்றது. செல்வி அக்கா கொழுந்தெடுப்பவர், இந்து, ஒருநாளும் எங்கள் கோயில் வாசலைத் தாண்டாதவர். அவர்தான் முதலில் பேசினார்.

"அண்ணே, எங்க மாரியம்மா படத்த எடுத்திட்டு வரலாமா?"

"ஓடிப்போய் எடுத்திட்டு வாங்க. இதை அந்தோனியாரு ஒருத்தரா சமாளிக்க மாட்டாரு."

சிரிப்பு வந்தது கூட்டத்துக்கு. அந்தச் சிரிப்போடுதான் உள்ளே வந்தார்கள். மேல் லயத்தின் பன்னிரண்டு காம்பராவும் காலியானது. பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிப் பாய் விரித்தோம். கலைக்க வந்த இளைஞர் ஒன்றியம் கஞ்சி காய்ச்சியது. கலைப்புத் தீர்மானம் எழுதிய காகிதம் ஈர விறகைப் பற்றவைக்கத்தான் பயன்பட்டது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, மற்ற நாளென்றால் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிற நேரத்தில், மலை இறங்கியது. கூரைக்கு மேலே யாரோ பெரிய லொறியைத் தள்ளிக்கொண்டு போவது போல ஒரு சத்தம். நாங்கள் ஓடிவந்து பார்த்தபோது மேல் லயம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு சரிவு மட்டும் இருந்தது. அதில் ஒரு கதவு நட்டுக்குத்தலாக நின்றது.

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். அந்த ஒரு வார்த்தை கச்சிதமாகப் பொருந்துகிற நேரம் அவர் வாழ்க்கையில் அதுதான். அவர் சொல்லவில்லை. ராமையா கங்காணி மெதுவாகப் போய் அவர் காலடியில் உட்கார்ந்தார்.

இரண்டு பக்கமும் பாதை உடைந்துவிட்டது. லைட் இல்லை, ஃபோன் இல்லை. கோயிலுக்குள் ஐம்பதுக்கு மேல் ஆட்கள், கீழ் லயத்தார் கொடுத்த அரிசி, கொஞ்சம் பருப்பு, கோதுமை மா. ஒவ்வொரு வேளையும் சட்டியை எட்டிப் பார்த்து மாமா, "பத்தாது" என்பார். ஒவ்வொரு வேளையும் பத்தும். ரொபட் சந்தோஷத்தில் பறந்தான். "அப்பம் பலுகின மாதிரி இல்ல?" என்று கேட்டான். எனக்கும் உள்ளுக்குள் ஏதோ அசைந்தது. அற்புதமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமா விறகு தூக்கி வரும்போது தலைசுற்றி விழுந்தார். அப்போதுதான் விசாரித்தோம். "நான் அப்புறமா சாப்புடுறேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். மூன்று நாளும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணிதான். அவர் பங்கு ஒவ்வொரு வேளையும் ராமையா கங்காணியின் பேத்திமார் தட்டுக்குப் போயிருக்கிறது.

ரொபட் தேம்பித் தேம்பி அழுதான். செல்வி அக்கா கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினார். கண் திறந்ததும் மாமா கேட்டது: "சட்டியில மிச்சம் இருக்கா?"

நாலாம் நாள் பாதர் வந்தார். இளம் பாதர், மஃப்ளர்காரர். உடைந்த பாதையில் நடந்தே, முதுகில் பிஸ்கட் பெட்டியோடு, இடுப்புவரை சேறோடு வந்தார். அவரோடு கிராம சேவகரும் வந்து நிவாரணத்துக்குப் பெயர் எழுதினார். மாமாவின் முறை வந்தபோது ஒரு சிக்கல். அடையாள அட்டை மண்ணுக்குள். பெயர் என்ன? பக்கத்தில் நின்ற நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கிராம சேவகர் சிங்களவர். "நம மொகக்த?" என்று பெயரைக் கேட்க, ரொபட் பதற்றத்தில் "போச்சு" என்றான். அவர் மரியாதையாக 'திரு. போச்சு' என்று எழுதிக்கொண்டார். மாமா திருத்தவில்லை.

"வீட்டுல என்னென்ன சேதம்?" என்பது அடுத்த கேள்வி.

"ஒண்ணுமில்ல. பாய், கேத்தல்." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு பெட்டி" என்றார்.

"பெட்டிக்குள்ள?"

"கொப்பி ஒண்ணு."

கிராம சேவகர் கொப்பியை எழுதவில்லை. அப்படி ஒரு கட்டம் அவருடைய படிவத்தில் இல்லை.

எங்களுக்குப் புரிந்தது. அமலியின் பாட்டுக் கொப்பி. அவள் தன் கையால் எழுதிவைத்து, எங்களுக்குப் படித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்த கொப்பி. மாமா எழுந்தார். படியில் உட்காரப் போகிறார் என்று நினைத்தோம். நேரே உள்ளே நடந்தார். பாய்களை, தூங்குகிற பிள்ளைகளை, தோரணமாகக் காய்கிற துணிகளைத் தாண்டி அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏன்யா," என்றார். "காணாமப் போனத கண்டுபிடிச்சுத் தருவியாமே? புள்ளய கேட்டேன், தரல. சரின்னு இருந்தேன். ஒன் வாசலக் கூட்டினேன், மணியடிச்சேன், மெழுகுதிரி வச்சேன். ஒன்கிட்ட வேற என்னா கேட்டேன்? அவ எழுதின நாலு எழுத்து. அதையுமா எடுத்துக்குவ? ஒனக்கு எதுக்குய்யா அது? நீ படிக்கவா போற?"

செல்வி அக்காவின் சின்ன மகள் தாயின் காதில், "அம்மா, தாத்தா சாமிய அடிக்கப் போறாரா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

மாமா அடிக்கவில்லை. சுரூபத்தின் கால்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே முழங்காலில் சரிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பாதர் பக்கத்தில் போகப் பார்த்து, நின்று, எங்களிடம் திரும்பி வந்தார். "ஏழு வருசம் குருமடத்தில படிச்சேன்," என்றார். "இப்படி ஜெபம் பண்ண யாருமே சொல்லித் தரல."

அன்றைக்கு மாலையில்தான் என் அம்மா அந்த விஷயத்தைச் சொன்னார். அமலிக்கு மண் போட்டு முடிந்ததும் மாமா "போச்சு" என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வேறு எந்த வார்த்தையும் பேசவில்லையாம். "சின்னப் புள்ளைங்க நீங்கதான் அதப் புடிச்சுக்கிட்டுப் பேரா கூப்பிட ஆரம்பிச்சீங்க. அவரும் ஒண்ணும் சொல்லல. பெறகு அந்தப் பேருக்கு ஏத்த மாதிரியே பேசவும் பழகிட்டாரு."

இத்தனை வருடம் அவர் மகளின் சாவைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறோம். சிரித்துக்கொண்டு.

மறுநாளிலிருந்து நாங்கள் ஆறு பேரும் மண்வெட்டியோடு சரிவில் இறங்கினோம். செய்தி கேட்டு, கொழும்புக்குப் போயிருந்த பழைய ஒன்றியத்துப் பையன்களும் பெண்களும் ஒரு லொறி அரிசியோடு வந்து சேர்ந்தார்கள். உடைந்த இடத்திலிருந்து மூட்டைகளைத் தலையில் சுமந்து ஏறினார்கள். பிறகு அவர்களும் மண்வெட்டியை எடுத்தார்கள். ஒரு வாரம் தோண்டினோம். கேத்தல் கிடைத்தது. பெட்டி கிடைக்கவில்லை. கதையாக இருந்தால் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் ரொபட் ஒரு புதுக் கொப்பி கொண்டுவந்தான். "எங்களுக்குத்தானே சொல்லிக்குடுத்தா. ஞாபகம் இருக்கிறத எழுதுவோம்." கோயிலுக்குள் வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவருக்கு ஒரு வரி, இன்னொருவருக்கு மெட்டு மட்டும். முழுதாக வந்தது ஏழு பாட்டு. எட்டாவது பாட்டில் இரண்டாம் சரணம் யாருக்கும் வரவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்வி அக்கா தலைநிமிராமல் அதைப் பாடினார். நான்கு வரியும், ஒரு சொல் பிசகாமல்.

"அக்கா! ஒங்களுக்கு எப்படி?"

"கோயிலுக்குக் கீழ உள்ள மலையிலதானே கொழுந்து எடுப்பேன். அந்தப் புள்ள பாடினா கை தானா நின்னுரும். கங்காணிகிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன்."

கொப்பியை மாமாவிடம் கொடுத்தோம். கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்து, பக்கம் பக்கமாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இது தப்பு. 'இறைவா'ன்னு அவ பெரிய 'ற' போட மாட்டா. சின்ன 'ர'தான் போடுவா. நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

"மாமா, அப்படி எழுதினா அர்த்தமே மாறிடும்," என்றான் ரொபட்.

"அவருக்குத் தெரியும். நீ மாத்து."

தலைவன் உட்கார்ந்து எட்டுப் பாட்டிலும் எல்லா 'இறைவா'வையும் அடித்து, தப்பாகத் திருத்தினான். அந்த ஞாயிறு பாதர் பூசை வைத்தபோது பாய்களுக்கும் பானைகளுக்கும் நடுவில் நாங்கள் இருபத்திரண்டு பேர் நின்று பாடினோம். முதலில் என் வாய் மட்டும் பாடியது, பிறகு நானும் பாடினேன். மாமா உள்ளே, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நற்கருணை நேரத்தில் எழுந்து வரிசையின் கடைசியில் வந்து நின்றார். பூசை முடிந்ததும் நான் மெல்லக் கேட்டேன், அந்தோனியாரோடு சமாதானமா என்று.

"எங்க சமாதானம்? சண்டைதான்," என்றார். "ஆனா இப்ப நேருக்கு நேர்."

இங்கே முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அதற்குப் பிறகும் நாட்கள் வந்தன. மண்ணைப் பரிசோதிக்க வந்தவர்கள், கோயில் மேடும் ஆபத்தான இடம்தான் என்று சிவப்பு அறிவித்தல் ஒட்டினார்கள். கோயில் பூட்டப்பட்டது. மேல் லயத்து ஆட்களைக் கீழே விளையாட்டு மைதானத்தில் தகரக் கொட்டில்களுக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வீடு கட்டக் காணி என்றார்கள், பிறகு ஆறு மாதம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. லொறியில் வந்த பிள்ளைகளில் பலர் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். லீவு முடிந்தும் போகாமல் இருந்த ஒருத்திக்கு வேலையே போனது. ரொபட் வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். ராமையா கங்காணி அந்தக் கொட்டிலின் குளிரில் இறந்துபோனார்.

ஒன்று மட்டும் கலையவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எங்களில் பத்துப் பதினைந்து பேராவது அரிசி, பருப்பு என்று முடிந்ததைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறோம். ஒரு கொட்டிலில் அந்தோனியாரும் மாரியம்மன் படமும் ஒரே பலகையில் இருக்கிறார்கள். பாதர் வந்தால் பூசை, வராவிட்டால் பாட்டும் ஜெபமும். நான் மறுபடி ஜெபிக்கிறேன். பதில் வருகிறதா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

மாமாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. இருமல் விடவில்லை. நாங்கள் கேட்டபோது, ஒரு தடவை தன் பெயரை அவரே சொன்னார். நல்ல பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட எங்கள் யாருக்கும் இன்னும் துணிச்சல் வரவில்லை. பழைய பெயரையும் கூப்பிட முடியவில்லை. வெறுமனே 'மாமா' என்கிறோம்.

போன ஞாயிறு எல்லோரும் போன பிறகும் நான் அவரோடு கொட்டில் வாசலில் இருந்தேன். எதிரே மூடுபனி மைதானத்தை விழுங்கிக்கொண்டு வந்தது. கீழே ரோட்டில் பண்டாரவளை பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"அதான் கடைசி பஸ். ஓடு புள்ள, விட்டுட்டா வேற இல்ல," என்றார்.

"அவசரமில்ல மாமா," என்றேன். அவர் கை குளிர்ந்திருந்தது. அதை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.